பதின்மூன்று பல்

பற்சக்கரம் ஒழுங்காகச் சுழன்றால் சத்தம் வராது. சத்தம் வந்தால்தான் எங்களைப் போன்றவர்களின் நினைவு பிறருக்கு வரும். அடுத்தவர் கெடுத்துக் கொண்டுவந்த பொருளைப் பிரித்து, துடைத்து, அளந்து, மறுபடி பூட்டிக் கொடுக்கும் வேலையில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது விளக்காமலே புரியும். அவர்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில், பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் ஒரு கருவித் தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவுக்கு நான் பொறுப்பாளராக இருந்தேன். இயற்பியல் படித்தவள் என்பதால் ‘டீச்சர்’ என்ற பெயர் முதல் நாளே விழுந்துவிட்டது. ஜப்பானுக்குப் பயிற்சிக்குச் சென்று திரும்பிய எங்கள் மேலாளர், ரேடியோ அலையால் ஓடும் நான்கு சிறிய பந்தய வண்டிகளைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் முழ நீளம்கூட இருக்காது. ஓட்டுபவர் கையில் நீண்ட ஏரியல் வைத்த ஒரு பெட்டி. அதில் வேகத்துக்கு ஒரு குச்சி, திருப்பத்துக்கு ஒரு குச்சி. மோட்டார், பற்சக்கரம், டிஃபரன்ஷியல், ஸ்பிரிங் எல்லாம் ஒரே மேசைமேல் கண்ணுக்குத் தெரிவதால் பயிற்சிக்கு உகந்தவை என்று அவர் கோப்பில் எழுதி, உரிய அனுமதியும் வாங்கினார். கோப்பில் எழுதாத ஒன்றும் இருந்தது: பிரிவுக்கு ஒரு வண்டி வீதம் கொடுத்து, ஆண்டு விழாவன்று பின்புறச் செம்மண் மைதானத்தில் பந்தயம் விடுவது. ஆங்கிலத்தில் அவ்வகை வண்டிக்குப் ‘பக்கி’ என்று பெயர். எங்கள் பக்கம் ஒருவரை அப்படி அழைத்தால் அடி விழும் என்பதால், நாங்கள் ‘வண்டி’ என்றே வழங்கினோம். நான்கு வண்டிகளையும் சீர் செய்து தருவது என் பொறுப்பாயிற்று.

லைட் டியூட்டி

பழனிச்சாமி டூல் ரூமில் பதினோரு ஆண்டுகள் லேத் என்னும் கடைசல் இயந்திரத்தை ஓட்டியவர். கேரள எல்லையோர வேலந்தாவளம் பக்கத்தில் நிலக்கடலை பயிரிடும் குடும்பம். உருக்கைச் சீவும்போது நீளமாக வந்த சுருள் ஒன்று அவர் வலக்கையைச் சுற்றி இழுத்ததில், ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு போயின. காயம் ஆறிய பிறகு அவரை என் பிரிவுக்கு லைட் டியூட்டியில் அனுப்பினார்கள். உத்தரவு தெளிவாக இருந்தது. ஆறு வாரம் என் மேற்பார்வையில் அவர் வேலை செய்ய வேண்டும். முடிவில் நான் ஓர் அறிக்கை தர வேண்டும். அறிக்கை சாதகமாக இருந்தால் அவர் லேத்துக்குத் திரும்பலாம், இல்லையென்றால் வாசல் காவலுக்கு மாற்றப்படுவார்.

முதல் நாள் அந்தத் தாளை அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட் வேலையும் மோசமில்லை, நிழலில் உட்காரலாம், விழிப்பாக இருந்தால் போதும் என்று ஆறுதலாக இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டேன். அவர் தம் வலக்கையை மறைக்காமல் மேசைமேல் வைத்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார்: “கேட்டுல நின்னு சல்யூட் அடிக்கறதுக்கு அஞ்சு வெரலும் வேணுமுங்க டீச்சர். லேத்துக்கு மூணே போதுமுங்க.”

தார்

செல்லத்துரை பராமரிப்புப் பிரிவில் எலக்ட்ரீஷியன். மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். பாட்டனார் திருநெல்வேலியிலிருந்து கொழுந்து பறிக்க மலை ஏறியவராம். இயந்திரங்களைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் எஸ்டேட் ஜீப்பிலிருந்து அறிந்தவை. ஜீப் சேற்றில் சிக்கினால் ஒரு சக்கரம் மட்டும் சுழன்று மற்றது சும்மா நிற்கும். அதற்குக் காரணம் டிஃபரன்ஷியல். ஆகவே டிஃபரன்ஷியல் மனிதனுக்குப் பகை. இந்தத் தருக்கத்தின்படி அவர் தம் பிரிவு வண்டியின் டிஃபரன்ஷியலைப் பிரித்து, கூரை ஒழுகலுக்குப் பூசும் தாரை உள்ளே நிரப்பி மூடிவிட்டார். இரண்டு பின்சக்கரங்களும் ஒட்டிப் பிறந்தவை போலச் சேர்ந்தே சுழன்றன. திருப்பத்தில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள் சக்கரம் குறைவாக ஓட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சாதனமே இருக்கிறது. வண்டி முதல் வளைவில் வளையவில்லை. நேராகப் போய் முள்கம்பி வேலியில் மாட்டிக்கொண்டது.

அந்தத் தாரை எடுக்கப் பழனிச்சாமிக்கு இரண்டு நாள் பிடித்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் பல் பல்லாகத் துடைத்தார். கடலைப் பருப்பு அளவே இருக்கும் குட்டிச் சக்கரங்களை அவர் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பிடித்தார். குறைந்துபோன இரண்டு விரல்களும் பின்னாலிருந்து முட்டுக் கொடுத்தன. ஒன்றுகூடக் கீழே விழவில்லை. இதை நான் என் குறிப்பேட்டில் அன்றைய தேதியிட்டு எழுதினேன். செல்லத்துரை பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தம் தத்துவத்தை விட்டுக்கொடுக்காமல் வேடிக்கை பார்த்தார். எஸ்டேட்டில் வளைவே கிடையாதா என்று கேட்டேன்.

“இருக்கு டீச்சர், எம்புட்டோ இருக்கு. வளைவு வந்தா நாங்க எறங்கித் தள்ளுவோம்லா!”

கிழக்குக் காற்று

கஞ்சிக்கோட்டில் வேலை செய்தவர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மலை விட்டுக்கொடுத்த அந்த ஒரே இடைவெளி வழியாகத்தான் இரு மாநிலத்துக் காற்றும் போய்வர வேண்டும். மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்டு வீசும் காற்று செம்மண்ணைத் தூக்கிக்கொண்டு வரும். மூடி போட்ட பற்சக்கரத்திலும் அது புகுந்துவிடும். அலுமினியப் பல்லை அரம் போல அராவும். வண்டி மேட்டில் ஏறித் தாவும் கணத்தில் மூக்குக்குக் கீழே காற்று புகுந்தால், மல்லாக்கப் புரட்டிவிடும்.

மேலாளர் விஸ்வநாதன் சார் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். நிர்வாகப் பிரிவின் வண்டியை அவரே ஓட்டினார். மூன்று முறை புரண்ட பிறகு, சக்கரங்கள் வானத்தைப் பார்த்திருக்கும் நிலையிலேயே அதை என் மேசைக்குக் கொண்டுவந்தார். முன் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை ஒரு சுற்றுக் குறைத்து, மூக்கைத் தாழ்த்தி, அடித்தட்டில் ஒரு சிறு ஈயத் துண்டு வைத்துக் கட்டினேன். எத்தனை கிராம், எத்தனை மில்லிமீட்டர் என்று அவர் கேட்டு எழுதிக்கொண்டார். கேள்விகள் முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. அறையின் மறுகோடியில் சிறிய லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பழனிச்சாமியின் முதுகைப் பார்த்தபடி இருந்தார். அந்தச் சுருள் இழுத்த நாளில் மருத்துவமனைக்கு ஜீப்பில் உடன் போனவர் அவர்தான் என்பது எனக்குத் தெரியும்.

“டீச்சர், அளந்து எழுதுங்கோ. எரக்கப்பட்டு எழுதிடாதேங்கோ. இன்னொரு வாட்டி அந்தக் கை லேத்துல மாட்டிண்டா, நானாக்கும் அவா ஆத்து வாசல்ல போய் நிக்கணும்.”

உறுமல்

செல்லத்துரையின் வண்டியில் மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பற்சக்கரத்தை, அதாவது பினியனை, மண் தின்றுவிட்டது. மாற்றுப் பினியன் ஜப்பானிலிருந்துதான் வர வேண்டும். அதைச் செய்யும் வேலையை ஆறாம் வாரத்தில் பழனிச்சாமிக்கு இறுதிச் சோதனையாகக் கொடுத்தேன். உருக்குக் கம்பியிலிருந்து லேத்தில் கடைந்து, சின்ன மில்லிங் இயந்திரத்தில் பதின்மூன்று பல் வெட்ட வேண்டும். அது சுற்றப்போகும் பெரிய பிளாஸ்டிக் சக்கரத்துக்கு ஐம்பத்திரண்டு பல். சின்னது நான்கு சுற்றினால் பெரியது ஒரு சுற்று. இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தார். விட்டம் நான் கேட்ட அளவிலேயே இருந்தது. பல்லின் வளைவை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை; பூட்டி ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு சக்கரங்களையும் எவ்வளவு நெருக்கமாகப் பூட்டுவது என்பது இந்த வேலையின் உயிர். அதிகம் நெருங்கினால் உறுமும், மோட்டார் சூடேறும். அதிகம் விலகினால் பல் தாவி உடையும். ஆகவே நடுவில் ஒரு காகிதத் துண்டை விட்டு, இரண்டையும் அழுத்திப் பூட்டி, பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிக் காகிதத்தை வெளியே எடுத்துவிடுவோம். காகிதத்தின் கனமே இடைவெளி. உருக்குத் தகடு வைத்தால் பிளாஸ்டிக் பல்லில் காயம் படும். எங்கள் மேசையில் அந்தக் காகிதம் பஸ் டிக்கெட். தினமும் ஒன்று கையில் இருக்கும், கனம் மாறாது, வீணாகவும் போகாது. பல் தடம் பதிந்த டிக்கெட்டை அந்த வேலைத் தாளிலேயே குண்டூசியால் குத்தி வைப்பது என் வழக்கம். எதை எப்போது எப்படிப் பூட்டினோம் என்பதற்கு அது சாட்சி. அந்தத் திங்கட்கிழமை நான் கோயமுத்தூரில் தங்கை வீட்டிலிருந்து நேரே வேலைக்கு வந்திருந்தேன். கைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்தேன், வைத்தேன், பூட்டினேன்.

வண்டி உறுமியது. விட்டு விட்டு, சீராக, ஏதோ ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் தடுக்குவது போல. மற்றவை எல்லாம் பழைய பாகங்கள், இதுவரை அமைதியாக ஓடியவை. புதியது பினியன் ஒன்றுதான். அன்று மாலை அறிக்கை எழுதினேன்: “விட்டம் சரி. பல் வெட்டில் பிழை இருப்பதாக ஓட்டத்தில் தெரிகிறது. நுண்ணிய வேலைக்குப் பரிந்துரைக்க இயலவில்லை.” யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரிடம் காட்டாமல் எதையும் மேலே அனுப்புவதில்லை என்பது என் இன்னொரு வழக்கம். பழனிச்சாமி நின்றுகொண்டே படித்தார். ஒரு கேள்வியாவது கேட்பார் என்று எதிர்பார்த்தேன். பேனாவை இடக்கையால் வாங்கி, வலக்கையின் மூன்று விரல்களில் பொருத்தி, தெளிவாகக் கையெழுத்திட்டார்.

“டீச்சர் பாத்து எழுதுனா செரியாத்தானுங்க இருக்கும்.”

சாக்பீஸ் கோடு

புதன்கிழமை காலை செல்லத்துரை வண்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். மோட்டார் தொட முடியாமல் சுட்டது. “ஏ டீச்சர், இத வச்சு பந்தயத்துக்குப் போனா காப்பிதான் போடலாம்” என்றார். பினியனைக் கழற்றி எறிவதற்கு முன், எந்தப் பல்லில் பிழை என்று கண்டுபிடித்துக் குறித்து வைக்கலாம் என்று தோன்றியது. அது முழுக்க முழுக்க என் அறிக்கைக்கு ஆதாரம் சேர்க்கும் எண்ணம்தான். வேறு நல்லெண்ணம் எதுவும் இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பினியனில் ஒரு சாக்பீஸ் புள்ளி, பெரிய சக்கரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு வைத்து, மோட்டாரை ஓடவிடாமல் விரலால் மெல்லச் சுற்றினேன்.

பினியனில் ஒரு பல் பிழையென்றால், பினியன் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அந்த இடம் இறுக வேண்டும். அதாவது பெரிய சக்கரம் ஒரு சுற்றுவதற்குள் நான்கு முறை. நான் சுற்றினேன், ஒரே ஒரு முறைதான் இறுகியது. மறுபடி சுற்றினேன், சாக்பீஸ் கோடு மேலே வரும்போது மட்டும், அதே ஒரு முறை. பத்துத் தடவை சுற்றியும் அதுவே. குறை பினியனில் இல்லை. பெரிய சக்கரம் ஜப்பானிலிருந்து வந்த நாள் முதலே மயிரிழை கோணலாக இருந்திருக்கிறது. அப்படியானால் இத்தனை மாதம் ஏன் உறுமவில்லை? வேலைத் தாளைப் பிரித்து, குண்டூசியிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தேன். பழைய தாள்களில் குத்தியிருந்த டிக்கெட்டுகளில் எல்லாம் மலையாள எழுத்து. பாலக்காட்டிலிருந்து நான் தினமும் வரும் பஸ்ஸுடையவை. இதில் தமிழ் எழுத்து. கோயமுத்தூர். இரண்டையும் மைக்ரோமீட்டரில் வைத்தேன். கோயமுத்தூர் டிக்கெட் கிட்டத்தட்டப் பாதி கனம்தான் இருந்தது. பாலக்காட்டுக் காகிதம் இத்தனை நாளும் பொறுத்துக்கொண்ட கோணலை, இந்த மெல்லிய காகிதம் பொறுக்கவில்லை.

பக்கத்திலேயே நின்றிருந்த செல்லத்துரையிடம் கண்டதைச் சொன்னேன். அப்போது அவர் கேட்டது இது: “அப்பம் தப்பு பழனிச்சாமியண்ணன் கிட்ட இல்லியா? பின்ன யாரு கிட்ட?” என் கிட்ட என்றேன். அவர் கதவு வரை போய், வெளியே யாரும் இல்லையென்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“ஆத்தாடி, டீச்சரே தப்பு பண்ணிட்டாவளா! சரி, கவலப்படாதீய. சாயந்தரம் வரைக்கும் நா யாரு கிட்டயும் மூச்சு விட மாட்டேன்.”

இளசும் முத்தலும்

முதலில் போக வேண்டிய இடம் மேலாளர் அறை அல்ல என்று எனக்குத் தெரிந்தது. பழனிச்சாமி ஸ்டோரில் போல்ட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். அறிக்கை போன பிறகு அவரை லேத் பக்கம் விட வேண்டாம் என்று மேலேயிருந்து வாய்மொழி உத்தரவு வந்திருந்தது. நடந்ததை வரிசையாகச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். ஒரு நாற்பது வயதுப் பெண் இருபது அடுக்கு போல்ட்டுகளுக்கு முன் நின்று மன்னிப்புக் கேட்பது எப்படியிருக்கும் என்பதை, கேட்ட அனுபவமுள்ளவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அவர் கையிலிருந்த போல்ட்டைக் கீழே வைத்தார். “அந்த ரெண்டு டிக்கெட்டையுங் குடுங்க” என்றார்.

இரண்டையும் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும், பாதியோடு நின்றுபோன ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். அந்தத் தழும்பில் உணர்வே இருக்காது என்று நான் அதுவரை எண்ணியிருந்தேன். ஆறு வாரத்தில் ஒரு முறையும் கேட்கவில்லை. அவர் எழுத்தைப் பார்க்கவில்லை, கண்களை மூடியிருந்தார். மைக்ரோமீட்டர் எனக்குச் சொன்னதை அந்த விரல் அவருக்குச் சொன்னது.

“இது எளசுங்க டீச்சர். இது முத்துனது.”

ஸ்க்ரூ டிரைவர்

விஸ்வநாதன் சாரின் மேசையில் காவல் பணி உத்தரவு தட்டச்சாகித் தயாராக இருந்தது. திங்கள் முதல் என்று போட்டிருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. நான் இரண்டு டிக்கெட்டுகளையும் மைக்ரோமீட்டரையும் அதன்மேல் வைத்தேன். அவர் முழுதும் கேட்டார். “எரக்கமில்லையே?” என்றார். இல்லை, பிழை என்றேன். எழுதித் தரச் சொன்னார். எழுதினேன்: “பினியனில் குறை இல்லை. இடைவெளி அமைப்பதில் நான் பயன்படுத்திய காகிதம் தவறானது. முந்தைய அறிக்கையின் முடிவு என் பிழையால் நேர்ந்தது.” தொழிற்சாலையின் அளவுகளைச் சரிபார்க்கும் அளவுக் கூடத்தின் தலைமைக்கு என் பெயர் பரிசீலனையில் இருந்த சமயம் அது. “இது ஃபைல்ல இருக்கும், எப்பவும் இருக்கும், தெரியுமோன்னோ?” என்றார். தெரியும் என்றேன்.

அதோடு விடவில்லை, கீழே இறங்கி வந்தார். நான் எல்லோர் முன்னிலையிலும் அதே பினியனை, பாலக்காட்டு டிக்கெட் வைத்து மறுபடி பூட்டினேன். செல்லத்துரை வண்டியைத் தூக்கிப் பிடித்து மோட்டாரை ஓடவிட்டார். பழனிச்சாமி சுவரோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். வலக்கை உள்ளே இருந்தது. விஸ்வநாதன் சார் என் மேசையிலிருந்து நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அதன் நுனியைப் பற்சக்கர மூடிமேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு பொருத்திக்கொண்டார். பழைய ஃபிட்டர்கள் இயந்திரத்தின் வயிற்றைக் கேட்கும் முறை அது. அவரும் ஒரு காலத்தில் ஃபிட்டராக இருந்தவர். மெதுவாக ஓட்டச் சொன்னார். வேகமாக ஓட்டச் சொன்னார். மற்றக் காதை விரலால் அடைத்துக்கொண்டார். அவ்வளவு நேரம் ஒரு மனிதர் குனிந்தே நிற்பதை நான் பார்த்ததில்லை. நிமிர்ந்தபோது முகம் என்னைப் பார்க்கவில்லை, சுவரோரம் பார்த்தது. பையிலிருந்து அந்தக் காவல் பணி உத்தரவை எடுத்து நான்காக மடித்து மறுபடி பையிலேயே வைத்துக்கொண்டார்.

“மோட்டார் கேக்கறது. பல்லு கேக்கலை. திங்கக்கெழமை லேத்துக்கு வாங்கோ, பழனிச்சாமி. சட்டைக் கையை மடிச்சு விட்டுண்டு வரணும், நானே வந்து பாப்பேன்.”

பந்தயம்

சனிக்கிழமை பந்தயத்தில் செல்லத்துரையின் வண்டி வெல்லவில்லை. பத்துச் சுற்றில் எட்டுவரை முன்னால் இருந்தது. ஒன்பதாவதில் மேட்டில் ஏறியபோது கிழக்குக் காற்று தன் வேலையைச் செய்தது. புரண்ட வண்டியை ஓடிப்போய் நிமிர்த்துவதற்குள் இரண்டு வண்டிகள் தாண்டிவிட்டன. நிர்வாகப் பிரிவின் ஈயத் துண்டு வைத்த வண்டி அதில் ஒன்று. மாலை மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பதின்மூன்று பல்லும் வெட்டிய அன்றிருந்த கூர்மையோடு இருந்தன. முடிவைப் பதிவேட்டில் எழுதும்போது செல்லத்துரை என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

“மூணாவதுன்னா எழுதுதீய? ‘கடைசி இல்ல’ன்னு எழுதுங்க டீச்சர், வாசிக்கிறவனுக்கு ஒரு மரியாத வரட்டும்.”

ஒரே பஸ்

அளவுக் கூடத்தின் தலைமை வேறொருவருக்குப் போயிற்று. காரணத்தை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பயிற்சிப் பிரிவிலேயே தொடர்ந்தேன். பழனிச்சாமி லேத்துக்குப் போய் ஒரு மாதம் ஆயிற்று. இடையில் அவரைக் கண்ணாடிக்கு அப்பால் சில தடவை பார்த்தேன். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்திருப்பார், சுருளைக் கொக்கியால்தான் இழுப்பார். என்னைப் பார்த்தால் தலையசைப்பார். அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அன்று ஸ்டோரில் நான் மன்னிப்புக் கேட்டபோது அவர் டிக்கெட்டுகளை மட்டுமே கேட்டார் என்பதை நான் மறக்கவும் இல்லை.

மாதக் கடைசியில் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து அவர் என் மேசைக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து, நூலால் கட்டிய ஒரு சிறு காகிதக் கட்டை எடுத்து வைத்தார். கசங்காமல், ஓரம் மடியாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பஸ் டிக்கெட்டுகள். வேலந்தாவளத்திலிருந்து கஞ்சிக்கோட்டுக்கு, லேத்துக்கு என்று அவர் புறப்பட்டு வந்த ஒவ்வொரு காலைக்கும் ஒன்று. மேலே இருந்ததை எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்தேன். என் பாலக்காட்டு டிக்கெட்டின் கனம்தான், மயிரிழை மாறவில்லை. அதை அவர் எனக்கு முன்பே விரலால் அறிந்திருப்பார் என்பது பிறகுதான் உறைத்தது.

“இருவத்தாறு நாளுதுங்க டீச்சர். எல்லாம் ஒரே பஸ்சு, ஒரே காயிதம். நீங்க கோயமுத்தூரு போயிட்டு வந்தாலும் இனி இதையே வெச்சுப் பூட்டுங்க. தீந்தாச் சொல்லுங்க, நாந்தான் தெனமும் வாறனே.”

ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்வரை அளந்து பிழைத்த இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றே: ஒருவரின் வேலையில் குறை எழுதுமுன், நீங்கள் எந்த ஊர் பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.